ராஜாத்தியின் கையில் எரியாத பல்பு

1978ஆம் ஆண்டு கோடையில், மூக்கண்டப்பள்ளியை ஒட்டியிருந்த ஒரு கம்பெனியில், கரண்டு போன பிறகும் மூன்றாம் நம்பர் லேத்து ஷிஃப்ட் முடியும்வரை ஓடியது. திம்மராயன் அதன்மேல் இடது கையை வைத்திருந்தான், அவ்வளவுதான். அன்று தொழிற்பேட்டை முழுக்க மின்வெட்டு. மற்ற லேத்துக்காரர்கள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பீடி பிடிக்க வெளியே போய்விட்டார்கள். கரண்டு போனதையே கவனிக்காத திம்மராயன் ஏதோ தெலுங்குப் பாட்டை முனகிக்கொண்டு வேலை செய்தான். சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் உள்ளே வந்து மெயின் சுவிட்சைப் பார்த்தார், லேத்தைப் பார்த்தார், மறுபடியும் மெயின் சுவிட்சைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. வலது கை பக்கத்து லேத்துக்கு எட்டுமா என்றுதான் கேட்டார். எட்டியது.

வெளியே பீடி பிடித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கரண்டு போனால் கிடைக்கிற ஓய்வு அவர்களுக்குச் சம்பளத்தில் பாதி மாதிரி. "ஒருத்தன் கையில கரண்டு வந்தா அவன் தின்னுட்டுப் போறான். நம்ம ஓய்வுல எதுக்குடா கை வைக்கிறான்?" என்றான் ஒருவன். இன்னொருவன், "ஊட்டுக்குப் போனா பொண்டாட்டிய எப்பிடித் தொடுவான்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதத்திலிருந்து ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் முடிக்க வேண்டும் என்ற கணக்கைக் கம்பெனி திம்மராயனை வைத்து உயர்த்தியது. அதற்குப் பிறகு அவனோடு யாரும் சிரிக்கவில்லை.

திம்மராயனும் திம்மப்பனும் இரட்டையர். சூளகிரிக்கு உள்ளே, ராகியும் தக்காளியும் விளைகிற கிராமத்தில் பிறந்தவர்கள். காதோரம் இருந்த மச்சத்தைப் பார்த்துத்தான் பெற்றவளே பெயர் சொல்வாள். அவர்களுடைய அக்கா வெங்கடம்மாளின் மகள் நாராயணம்மா. அக்கா மகளைத் தம்பி கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். கட்டாவிட்டால்தான் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். இரட்டையரில் முதலில் பிறந்தவன் என்பதால் அவளைத் திம்மராயனுக்குக் கட்டிவைத்தார்கள். தம்பி நிலத்தோடு இருந்துகொண்டான். அண்ணன் ஓசூரில் கம்பெனிகள் முளைத்த காலத்தில் மனைவியோடு மூக்கண்டப்பள்ளிக்கு வந்து லைன் வீடு என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் குடியேறினான். அங்கே ராஜாத்தி பிறந்தாள். இரட்டையரின் அப்பா வெங்கடப்பன் காலத்தில் ஊரில் கரண்டு கிடையாது. சில வருஷங்களில் அவர் உட்கார்ந்திருந்த அறையில் சிம்னி விளக்கு பற்றாது என்பார்கள். திரி ஈரமென்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் கரண்டு இருந்த நாட்களில் திம்மராயன் தூங்கவில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்தன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கரண்டு கொடுக்கப் போவதாகச் சந்தையில் நின்று வாக்குக் கொடுத்தான். இரண்டு எருமைகளை ஓட்டிவந்து லைன் வீட்டு வாசலில் கட்டினான். "எதுக்கு மாமா எருமை? கட்ட எடம் எங்க?" என்று நாராயணம்மா கேட்டதற்கு, "எடம் வாங்கிட்டா எருமைக்கு எங்க போறது நாராணி?" என்றான். அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. அவன் தோளைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் காலையில் அவன் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவன் படுத்திருந்த அறையின் பல்பு முதலில் மங்கியது, அப்புறம் அணைந்தது. புது பல்பு போட்டார்கள், அதுவும் அணைந்தது. டார்ச்சு எரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் கரண்டு போனது. வாரம் முடிவதற்குள் அந்த வரிசையே இருட்டானது. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, "கம்பத்துல கரண்டு இருக்குதும்மா. உங்க ஊட்டுக்குள்ள வந்துதான் செத்துப்போவுது" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். பக்கத்து வீட்டு முனிலட்சுமி வாசலில் நின்று கத்தினாள்: "ஏ நாராணம்மா, உன் ஊட்டுக்காரன எங்கயாவது கொண்டுபோய் உடு. அவன் ஒருத்தன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினதுக்கு நாங்க எல்லாம் இருட்டுல சாவணுமா?" உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த திம்மராயன், "அவ சொல்றது நெசந்தானே நாராணி" என்றான். அந்த மாதம் அவன் பேசியது அவ்வளவுதான்.

கம்பெனி அவனைச் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னது. கை மறுபடி சூடானதும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. பத்து வருஷம் இப்படியே போனது. மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், மலைமேல் சந்திரசூடேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டார்கள். ஒருமுறை சொந்தக்காரர்கள் சேர்ந்து அவனைக் கட்டிப்போட்டுப் பேயை விரட்டினார்கள். அப்போது பேய் போகவில்லை, ஊர் டிரான்ஸ்பார்மர் போனது. கம்பெனியில் மட்டும் அவனைப் பற்றி எந்தக் குழப்பமும் இல்லை. எரிகிற நாளில் ஆள், அணைந்த நாளில் ஆள் இல்லை. சென்னகிருஷ்ணன் இதற்குள் மேனேஜராகி இருந்தார்.

1988இல் பெங்களூர்ப் பக்கமிருந்து ஓர் ஆய்வுக் குழு ஜீப்பில் வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்று சொன்னார்கள். மனம் மேலே ஏறிக் கீழே விழுகிற நோய் ரத்தத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வந்திருப்பதாக, குழுவுக்குத் தலைமையாக வந்த டாக்டர் வனமாலா விளக்கினாள். நல்ல தமிழ் பேசினாள். காய்ந்த களியைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். ஐஸ் பெட்டியும் ஒரு பை நிறைய ஜீரோ வாட் பல்புகளும் கொண்டுவந்திருந்தார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பல்பைக் கொடுத்து, கதவைச் சாத்தி, எரிகிறதா என்று பார்த்தார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். திம்மராயன் கையில் பல்பு வெடித்தது. அவன் ரத்தம் ஐஸ் பெட்டிக்குள் ஊதா நிறத்தில் எரிந்தது. மூடியை மூடினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்ததால் துணி சுற்றினார்கள். திம்மப்பன் கையில் பல்பு சும்மா கிடந்தது. "நம்ம கையில தக்காளி கொடுத்தாத்தான் வெல தெரியும்" என்று அவன் சிரித்தான். பதினாலு வயது ராஜாத்தியின் கையிலும் எரியவில்லை. நாராயணம்மா அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வனமாலா குடும்பத்தையே வரைந்தாள். நோய் உள்ளவர்களின் கட்டத்தைக் கருப்படித்தாள். வெங்கடப்பன் கருப்பு. திம்மராயன் கருப்பு. அக்கா மகளைத் தம்பி கட்டியதால் ஒரு கோடு கீழே இறங்கிப் பக்கவாட்டில் திரும்பி, தானே போட்ட கோட்டோடு சேர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவள் இரட்டைக் கோடு போட்டாள். "இந்த மாதிரி குடும்பம் கிடைக்கிறது அபூர்வம்மா. அதுலயும் ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டை. விதை ஒண்ணு, ஒருத்தருக்கு மட்டும் வந்திருக்கு. ஒரே எழுத்துமேல வாழ்க்கை வேற வேற மாதிரி அழுத்தி எழுதுதோ என்னவோ. அதத்தான் தேடறோம்" என்றாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷம் நாராயணம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவீங்க?"

"பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்."

"இப்ப இருக்கறவருக்கு?"

மாத்திரை இருக்கிறது என்று வனமாலா ஒப்புக்கொண்டாள். அது ஒரு வகை உப்பு. ஆனால் சாப்பிட ஆரம்பித்தால் ரத்தம் மாறிவிடும்; இன்னும் சில தடவை சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கிறது, முடிந்ததும் தானே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். திம்மராயன் அப்போது நல்ல உச்சத்தில் இருந்தான். "இன்னும் எடுத்துக்குங்க டாக்டரம்மா, ஊருக்கே போதும்" என்று சட்டையை மடித்துக்கொண்டு நின்றான். போகும்போது கிளம்ப மறுத்த ஜீப்பின் பேட்டரியைத் தொட்டு அவனே கிளப்பியும் கொடுத்தான்.

அடுத்த வருஷம் கோடையில் மின்வெட்டு மோசமானது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பாதியில் நின்றிருந்தது. சென்னகிருஷ்ணன் தானே மூக்கண்டப்பள்ளிக்கு வந்து, லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திம்மராயனை அழைத்துப் போனார். ஒரு லேத்து இரண்டு லேத்து இல்லை, அந்தக் கூடம் முழுக்க. தாமிரக் கம்பியை அவன் மணிக்கட்டில் சுற்றி மெயின் போர்டில் இணைத்தார்கள். ஆர்டர் முடியும்வரை அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. முடிந்த அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். திம்மராயன் தன் லட்டை மகளுக்குக் கொண்டுவந்தான். அவள் தின்று முடிப்பதற்குள் வீட்டில் பல்பு அணைந்தது. மூக்கண்டப்பள்ளி அணைந்தது. நெடுஞ்சாலையில் போன லாரிகளின் முன்விளக்குகள் அந்த இடத்துக்கு வந்ததும் அணைந்து, தாண்டியதும் எரிந்தன. இந்தத் தடவை யாரும் வாசலில் வந்து கத்தவில்லை, கல்லெறிந்தார்கள். நாராயணம்மா ரேஷனுக்குப் போன நேரத்தில் திம்மராயன் எழுந்து வெளியே நடந்தான். போகிற வழியில் யாரையும் பார்க்கவில்லை. கைவிட்ட கல் குவாரியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது.

தண்ணீரை இறைக்கக் கொண்டுவந்த மோட்டார்கள் ஒன்றும் ஓடவில்லை. டீசல் எஞ்சின்கூட இருமிவிட்டு நின்றது. கடைசியில் திம்மப்பன்தான் இறங்கி அண்ணனைத் தூக்கிவந்தான். தன் முகத்தையே தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் ஏறிவருவதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பாடை மூக்கண்டப்பள்ளியைத் தாண்டியதும் ஊரில் கரண்டு வந்தது. சிலர் நிம்மதியாக மூச்சு விட்டதை நாராயணம்மா கேட்டாள். யார் யார் என்பதையும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்த வாரம் வனமாலா ஜீப்பில் வந்தாள். கண் சிவந்திருந்தது. வருத்தம் சொன்னாள். அப்புறம், தயங்கித் தயங்கி, திம்மப்பனிடமிருந்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்தால் இந்தச் சாவு வீண்போகாது என்றாள். நாராயணம்மா உள்ளே போனாள். விளக்குமாறோடு வரப்போகிறாள் என்று முனிலட்சுமி எதிர்பார்த்தாள். வெறுங்கையோடுதான் வந்தாள்.

"அந்தப் படத்த எடு."

வனமாலா எடுத்து விரித்தாள்.

"என் மாமனார் இருக்காரு. என் மாமா இருக்காரு. நான் இருக்கறேன், என் பொண்ணு இருக்கறா. கம்பெனிய எங்க போட்டிருக்க?"

வனமாலா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு எங்ககிட்ட இன்னும் குறி இல்லம்மா" என்றாள்.

"மாத்திரை குடுக்காம வெச்சிருந்தியே, அதுக்கு? அதுக்கும் குறி இல்லயா? இந்த வாசப்படி இனிமே மிதிக்காத. மிதிச்சா நான் பொம்பளன்னு பாக்க மாட்டேன், நீ பொம்பளன்னும் பாக்க மாட்டேன்."

ஜீப் போய்விட்டது. பல்பு போகவில்லை. ரத்தத்தில் நோய் இருக்கிறதா என்று பல்பைக் கொண்டு பார்க்கலாம் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆய்வுக் குழுவிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். 1990 முதல் சூளகிரியிலிருந்து போச்சம்பள்ளி வரைக்கும் பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழம், வெற்றிலையோடு மஞ்சள் பையில் ஒரு ஜீரோ வாட் பல்பும் எடுத்துப் போனார்கள். பஜ்ஜி, காபி முடிந்ததும் கதவு ஜன்னலைச் சாத்துவார்கள். பெண் நடுவில் உட்கார்ந்து பல்பைப் பிடிப்பாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். எரியாவிட்டால் தட்டு மாற்றிக்கொள்வார்கள். உள்ளங்கையில் மெழுகு தடவினால் எரியாது என்று பெண்களைப் பெற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். கையைச் சீயக்காய் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் பல்பைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை கையில் யாரும் பல்பைக் கொடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஓசூர் கடைத்தெருவில் முகூர்த்த மாதங்களில் பல்பு கிடைக்காது.

இந்த வழக்கத்தில் ஒரு தவறு இருந்தது. நாராயணம்மாவுக்கு மட்டுமே அது தெரிந்திருக்க முடியும். எரியாத கை இரண்டு விதம்.

ராஜாத்தி பத்தாவது முடித்துவிட்டுத் துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். 1992இல், பதினெட்டு வயதில், அவள் தைத்த மிஷின் சுவிட்ச் போடாமலே ஓடியது. லைன் லீடர் பார்ப்பதற்கு முன் காலைப் பெடலில் வைத்து மறைத்துக்கொண்டாள். அந்த மூன்று மாதமும் அவள் வாய் ஓயவில்லை. திம்மப்பன் வீட்டுக்குப் போனால், "சித்தப்பா, இந்தத் தக்காளித் தோட்டத்த அழிச்சுட்டு ரோஜா போடு, நான் லண்டனுக்கு அனுப்பறேன்" என்பாள். "லண்டனுக்கு எந்த பஸ்ஸு போவுதுன்னு கேட்டுக்கினு வா, ஏத்தி உடறேன்" என்பான் அவன். சிரித்துவிட்டு நாராயணம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவனுடைய சிரிப்பும் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களும் பல்பு வெடித்ததில் கண்ணாடித் துண்டு பட்டு, திட்டிக்கொண்டே போயின. "மின்சாரக் குடும்பத்துல பொண்ணு எடுத்தா அடுப்பு மிச்சம்" என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உலாவியது.

அடுத்த தை மாதத்தில் ராஜாத்தி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சாப்பிடவில்லை. தலை வாரவில்லை. நாராயணம்மா வாரிவிட்டால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாயில் படுத்துச் சுவரைப் பார்த்தாள். அறையின் பல்பு மங்கியது. அந்த நேரம் பார்த்து, சூளகிரியைத் தாண்டி நல்ல நிலபுலம் உள்ள கெம்பம்மா, கம்பெனியில் வேலை பார்த்த தன் மகன் சின்னராஜுக்குப் பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். இப்படி ஓர் இடம் கிடைக்குமென்று நாராயணம்மா நினைத்ததே இல்லை. திம்மப்பன் வந்து வெள்ளையடித்துக் கொடுத்தான். ராஜாத்திக்குப் புடவை கட்டி, பூ வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து நடத்திவந்து உட்காரவைத்தார்கள்.

கெம்பம்மா பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, சமைக்கத் தெரியுமா?" ராஜாத்தி பதில் சொல்லவில்லை. "பாட்டு கீட்டு?" பதில் இல்லை. கெம்பம்மாவுக்குத் திருப்தியாக இருந்தது. "இதான் பொண்ணு. எங்க பெரிய மருமவ இருக்கறாளே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்றா" என்று கூட வந்தவர்களிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ராஜாத்தியின் கையைக் கழுவவைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். பல்பைக் கொடுத்தார்கள்.

எரியவில்லை. நூலளவு வெளிச்சம்கூட இல்லை. கெம்பம்மா அவள் கையை அழுத்திப் பார்த்தாள், பல்பைத் திருப்பிப் பார்த்தாள். சின்னராஜின் கையிலிருந்த பேட்டரி வாட்ச் நின்றுபோயிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. "அவங்கவங்க வாய்க்கு வந்தத பேசறாங்க. இந்தப் பொண்ணு கையில ஒண்ணுமே இல்லயே! ஏனம்மா நாராணம்மா, தட்டக் கொண்டா, மாத்திக்கலாம்" என்று கெம்பம்மா இருட்டிலேயே சொன்னாள். திம்மப்பன் சந்தோஷத்தில் கதவைத் திறக்க எழுந்தான்.

அந்த இருட்டில் நாராயணம்மா மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு தயாராக இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இவ்வளவு வருஷம் அவளைப் பார்த்துக் காறித் துப்பிய ஊர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். தாலி கட்டுவார்கள், மகள் சூளகிரிப் பக்கம் போவாள். அங்கேயும் குவாரி இருந்தது. எந்த ஊரில்தான் இல்லை.

"சின்ன மாமா, கதவத் தொற" என்றாள். வெளிச்சம் வந்ததும் எழுந்து நின்றாள். "சம்பந்தி, தட்டு வேணாம். எம் பொண்ணு கையில ஒண்ணும் இல்லாம இல்ல. இருக்கறதெல்லாம் அணைஞ்சு கெடக்குது. அவங்கப்பா சாவறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் இருந்தாரு. நீங்க அமைதின்னு நெனச்சது அதுதான்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கெம்பம்மா பல்பைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "பெத்தவளே பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடறத இன்னைக்குத்தான் பாக்கறேன். நாக்க அடக்கிக்கினு இருந்தா கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க பாத்துக்கினு இருப்போமே" என்றாள். "நீங்க இன்னா பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் நாராயணம்மா. "கம்பெனிக்காரன் பாத்தான், டாக்டரு பாத்தா, ஊரு பாத்துச்சு. போங்க." அவர்கள் போகும்போது முனிலட்சுமி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். திம்மப்பன் நாராயணம்மாவை அடிக்கக் கையை ஓங்கினான். பாயில் சரிந்திருந்த ராஜாத்தியைப் பார்த்தான். அண்ணனைத் தூக்கியபோது இருந்த கனம் அவன் தோளில் அப்படியே வந்து இறங்கியது. கையைக் கீழே போட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பு என்றான்.

வனமாலா ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கே போனாலும் நாராயணம்மா அந்தச் சேதியை மட்டும் விசாரித்துவைத்திருந்தாள். ஒருநாள் போய் நடுக்கூடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக. பஸ் ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் நின்றபோது அங்கே இருந்த டியூப்லைட் அணைந்தது. போலீஸ்காரர் கன்னடத்தில் திட்டினார். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. ராஜாத்தி உட்கார்ந்த பெஞ்சுக்கு மேலே மின்விசிறி நின்றது. வேர்த்தவர்கள் முணுமுணுத்தபடி தள்ளி உட்கார்ந்தார்கள். உள்ளே கூப்பிட்டதும் வனமாலா நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றாள். அவள் மேஜை விளக்கு அணைந்தது.

கேட்கவென்று வைத்திருந்ததையெல்லாம் நாராயணம்மா கேட்கவில்லை. "என் புருசனுக்குக் குடுக்காத மாத்திரைய இவளுக்குக் குடு" என்றாள்.

வனமாலா இருட்டிலேயே எழுதிக் கொடுத்தாள். ராஜாத்தியை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்ள எதுவும் கைக்கு எட்டாத அறையில் நாராயணம்மா மகளோடு தங்கினாள். அந்த உப்பு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அடிக்கடி ஊசி குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் நாராயணம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எதுக்கு? அவளுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத்தான் என்று நர்ஸ் சொன்ன பிறகே விட்டாள். முதல் வாரங்களில் ராஜாத்தியின் கை நடுங்கியது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், வேறு மாற்றம் இல்லை. பங்குனி முடிகிற சமயத்தில் ஒருநாள் காலை, "அம்மா, இந்த இட்லி கல்லு மாதிரி இருக்குது" என்றாள். நாராயணம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அந்த வார்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

கெம்பம்மா போச்சம்பள்ளிப் பக்கத்தில் இன்னொரு பெண்ணைப் பார்த்து, எரியாத கை என்று உறுதி செய்துகொண்டு கல்யாணத்தை முடித்தாள். அந்த வருஷங்களில் அந்த வட்டாரத்தில் அமைதியான மருமகள்கள் வந்த வீடுகள் பலவற்றில் அடிக்கடி கரண்டு போனது. மின்வாரியம் கம்பி மாற்றியது, டிரான்ஸ்பார்மர் மாற்றியது. கிணற்றிலிருந்தும் குவாரியிலிருந்தும் தூக்கப்பட்ட பெண்கள் வயிற்றுவலி தாங்காமல் குதித்ததாகப் போலீஸ் எழுதியது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாராயணம்மா பார்த்தாள். தெரிந்த வீடுகளுக்குப் போய்ச் சொன்னாள். எல்லா வாசலிலும் அவளைத் திட்டி அனுப்பினார்கள். ஒரே ஒரு வாசலில் மட்டும் ஒரு பெண் பின்னாலேயே ஓடிவந்து ஆஸ்பத்திரி எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டாள்.

1997இல் மாத்திரை வாங்கப் போனபோது, பழைய ஆராய்ச்சியின் முடிவு வந்துவிட்டதாக வனமாலா சொன்னாள். தேடியது ஓரிடத்தில் இல்லையாம். நூறு இடத்தில் துளித்துளியாக இருக்கிறதாம், ஏறக்குறைய எல்லார் வீட்டு ரத்தத்திலும். எது பற்றவைக்கிறது, எது அணைக்கிறது என்பது இன்னும் தெரியவில்லையாம்.

"எல்லார் வீட்லயும் இருக்குதுன்னா எங்க வீட்ட மட்டும் ஏன் கருப்படிச்ச?" என்று நாராயணம்மா கேட்டாள்.

வனமாலா மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினாள். நாராயணம்மா பதிலை எதிர்பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த மாதம் எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

ராஜாத்தி மறுபடியும் தையல் வேலைக்குப் போனாள். கல்யாணம் என்று யாரும் வரவில்லை. யாராவது வந்தால் ராஜாத்தியே பேசிக்கொள்வாள் என்று நாராயணம்மா சொல்லிவிட்டாள். உச்சம் முன்போல் ஏறவில்லை. பள்ளத்தின் விளிம்பு வரை சிலமுறை போய், மாத்திரையைக் கூட்டி, திரும்பினார்கள். அவள் கையில் பல்பு கொடுத்தால் அகல் சுடர் மாதிரி மஞ்சளாகக் கொஞ்சம் எரியும். வெடிப்பதில்லை, அணைவதுமில்லை. மின்வெட்டு நாட்களில் மூக்கண்டப்பள்ளி முழுக்க இருண்டிருக்க, அந்த ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தெரிவது தெருவுக்குப் பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் மெழுகுவத்தி எந்தக் கடையில் என்று விசாரித்தால், மஞ்சள் ஜன்னலுக்கு அடுத்த கடை என்று வழி சொன்னார்கள். அன்றைக்கும் பொழுது சாய்கிற நேரத்தில் கரண்டு போனது. ராஜாத்தி இடது கையில் பல்பைப் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் எவள் எவளைத் திட்டினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாராயணம்மா, "கைய ஆட்டாதடி, உமி தெரியல" என்று அதட்டிக்கொண்டே முறத்தில் ராகி புடைத்தாள். தெருவில் கரண்டு திரும்பி வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.